மே மாதத்தில் பார்த்து வீடு வாங்காதீர்கள்

வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு வீடு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு வாடகை வரும் சார்?" என்றுதான். நான் சிவில் இன்ஜினியர். தாம்பரம், முடிச்சூர், மேடவாக்கம் பக்கத்தில் பழைய வீடுகளைப் பார்த்து, பழுது சொல்லி, சரிசெய்து கொடுப்பது என் வேலை. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த வீட்டு மொட்டை மாடியில் விழும் மழைத் தண்ணீர் எந்த வழியாகக் கீழே இறங்கிப் போகிறது?

போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டார். பணிக்கொடைப் பணத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு போர்ஷன் உள்ள வீட்டை வாங்கியிருந்தார். வீட்டைப் பார்த்துப் பத்திரம் முடித்தது மே மாதம். சுவரெல்லாம் புதுப் பெயிண்ட். நவம்பரில் மாடியில் குடியிருக்கும் பெண், "கூரையிலிருந்து சிமென்ட் விழுது சார்" என்று போன் செய்திருக்கிறார். அவர் சொன்னது அது மூன்றாவது தடவை. "முதல் ரெண்டு தடவை, மழை நிக்கட்டும், பெயிண்ட் அடிச்சுடலாம்னு சொல்லிட்டேன் தம்பி" என்றார் ஆசிரியர்.

நான் போனபோது கூடத்தில் ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் இன்னொரு கொக்கி இருந்தது. அதில் சேலையால் தூளி கட்டியிருந்தார்கள். ஏழு மாதக் குழந்தை. முதல் நாள் இரவு விழுந்த காங்கிரீட் துண்டைத் தாய் ஒரு முறத்தில் எடுத்து வைத்திருந்தார். என் உள்ளங்கையைவிடப் பெரியது, ஒரு பக்கம் முழுக்கத் துரு. சுத்தியலின் பின்பக்கத்தால் கூரையைத் தட்டினேன். கொக்கியைச் சுற்றி இரண்டடிக்குப் பொத்பொத்தென்று வெற்றுச் சத்தம். உடனே தூளியை அவிழ்க்கச் சொன்னேன்.

இது ஏன் நடக்கிறது? மொட்டை மாடித் தட்டோட்டின் இணைப்புகள் விட்டுப்போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அது காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் அடிப்பக்கக் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேலே வழியை அடைக்காமல் கீழே எத்தனை தடவை பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த ஐப்பசியில் அது திரும்ப வரும். வெறும் சிமென்ட் பூச்சும் நிற்காது. தளர்ந்ததையெல்லாம் உடைத்து எடுத்து, கம்பியை ஒயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி மிகவும் மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அவருக்கு அப்படித்தான் செய்தோம். மே மாதமே யாராவது அந்தத் தளத்தைத் தட்டிப் பார்த்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருக்கலாம்.

ஆகவே வீடு பார்க்கப் போவதென்றால் வடகிழக்குப் பருவமழையின்போது, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் ஒரு தடவையாவது போங்கள். முடியாவிட்டால் பரணுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அலமாரிகளின் பின்சுவரைப் பாருங்கள். விற்பதற்காக அவசரமாக அடித்த பெயிண்ட் பெரும்பாலும் அங்கே எட்டியிருக்காது, பழைய ஈரக்கறை அப்படியே இருக்கும். அப்புறம் தெருமுனைப் பெட்டிக்கடையில் நின்று, 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேளுங்கள். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் வக்கீலிடம் காட்டியே தீர வேண்டியவை, ஆனால் தண்ணீர் நின்ற உயரம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 60 லட்சத்துக்கு வாங்கிய வீட்டில் இரண்டு போர்ஷனும் சேர்ந்து மாதம் 23,000 ரூபாய் வருகிறது என்றால், வருடத்துக்கு 2.76 லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.4 லட்சம். ஏறக்குறைய இரண்டு வருட வாடகை பதிவுக்கே போய்விட்டது. மிச்சத்தில் சொத்து வரி, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், கடன் வாங்கியிருந்தால் அதன் தவணை. இதில் பழுதுக்கென்று ஒன்றும் ஒதுக்காதவர்கள்தான் குடியிருப்பவர் போன் செய்தால் எடுக்கத் தயங்குகிறார்கள். கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில், செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் கழித்துக்கொள்ள விடுகிறது. பழுதுக்கும் பராமரிப்புக்குமான பங்கு அதற்குள்ளேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு மாத வாடகையையாவது தனிக் கணக்கில் போட்டு வையுங்கள் என்பது என் ஆலோசனை. பழைய வீட்டுக்கு இரண்டு மாதம்.

குளியலறைக் கசிவுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. தண்ணீர் போகும் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். கோட்டைவிட்டு நன்றாக இறங்கியிருந்தாலோ கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ டைல்ஸுக்கு அடியில் வேலை இருக்கிறது. ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்த்து, ஒவ்வொரு போர்ஷனுக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். கீஸர் உள்ள வீட்டில் அது இல்லாமல் குடிவைப்பது தவறு.

செப்டிக் டேங்க் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். டேங்க் நிறைந்தால் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு சில நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும். தூக்கப் போகிறவரும் போய்விடுகிறார். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளை இறக்குபவருக்கு முதல் தடவையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 14420-க்குப் போன் செய்தால் கழிவுநீர் லாரிக்கு வழி சொல்வார்கள்.

இனி யார் எதைச் சரிசெய்வது என்ற சண்டை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு அட்டவணை இருக்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் பழக்கம் சென்னையில் ஊறிப்போனது. அட்டவணையைப் படித்த பிறகு என்னால் அதை நியாயம் என்று சொல்ல முடியவில்லை. ஒப்பந்தம் பதினொரு மாதம்தானே, பதிய வேண்டாம் என்று நினைப்பவர்களும் நிறைய. இந்தச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தவும் கூடாது.

ஒன்று விட்டுப்போனது, மொட்டை மாடிச் சாவி. பல உரிமையாளர்கள் அதைப் பூட்டித் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்து, சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்து, குளம்போலத் தண்ணீர் நிற்பது யாருக்கும் தெரிவதில்லை. ஆசிரியர் வீட்டில் வேலை முடிந்ததும் சாவியை மாடிக் குடித்தனத்திடமே கொடுக்கச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். இந்த வருடம் முதல் மழைக்கு முன்னால் அந்தப் பெண்ணே மேலே போய்ச் சருகை அள்ளிவிட்டு, குழாய் வாயைப் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதை ஆசிரியர் எனக்கு அனுப்பினார். படத்தின் ஓரத்தில் குழந்தையின் கால் தெரிகிறது, நடக்க ஆரம்பித்துவிட்டது.