குவெட்சால்கோட்லஸ் தரையை விட்டு எழும்பியது எப்படி?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் வறண்ட பாறைகளுக்கிடையே, 1971-இல், டக்ளஸ் லாசன் என்ற ஆய்வு மாணவர் பெரிய எலும்பு ஒன்றைக் கண்டெடுத்தார். அது டெரோசார் எனப்படும் பறக்கும் ஊர்வன இனம் ஒன்றின் இறக்கை எலும்பு. அவர் 1975-இல் வெளியிட்ட கணக்குப்படி, அவ்விலங்கு இறக்கைகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 15.5 மீட்டர் இருந்திருக்க வேண்டும். பின்வந்த ஆய்வாளர்கள் அதை 10 அல்லது 11 மீட்டராகக் குறைத்தார்கள். குறைத்த பின்னும், இன்று வாழும் பறவைகளிலேயே மிக நீண்ட இறக்கை கொண்ட ஆல்பட்ராஸின் மூன்றரை மீட்டரை வைத்துப் பார்த்தால், இது மூன்று மடங்கு. குவெட்சால்கோட்லஸ் என்று பெயரிடப்பட்ட இந்த விலங்கு, டைனோசர்களின் கடைசிக் காலத்தில், ஏறத்தாழ 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நின்றால் அதன் உயரம் ஒட்டகச்சிவிங்கியின் உயரத்தை எட்டியிருக்கும். இவ்வளவு பெரிய உடல் உண்மையிலேயே பறந்ததா என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை.

டெரோசார்கள் பொதுவாகப் பறந்தனவா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கிடைத்து நெடுநாளாகிறது. முதல் எலும்புக்கூட்டை 1784-இல் விவரித்த கொசிமோ கொல்லினி, அதைக் கடல்வாழ் உயிரினமாக இருக்கலாம் என்று எண்ணினார். 1801-இல் பிரெஞ்சு அறிஞர் கூவியேதான் அது பறக்கும் ஊர்வன என்று அடையாளம் கண்டார். நான்காம் விரல் மட்டும் கையைவிட நீளமாக வளர்ந்து, அதன் நுனியிலிருந்து உடல் வரை ஒரு சவ்வு விரிந்திருந்தது. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் அந்தச் சவ்வின் பதிவே கிடைத்திருக்கிறது. சவ்வுக்குள் நுண்ணிழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, அது காற்றில் படபடக்காமல் விறைப்பாக நிற்க உதவின. மணிக்கட்டில், வேறெந்த விலங்குக்கும் இல்லாத ஒரு சிறு எலும்பு, இறக்கையின் முன்பகுதிச் சவ்வை ஏற்றவும் இறக்கவும் பயன்பட்டது. மண்டையோட்டுக்குள் இருந்த மூளையின் வடிவத்தை ஊடுகதிர் கொண்டு 2003-இல் ஆராய்ந்தபோது, தலையும் கண்ணும் அசையும்போது பார்வையை நிலைநிறுத்த உதவும் மடல், மூளையின் எடையில் ஏறக்குறைய 7.5 விழுக்காடாக இருந்தது தெரிந்தது. பறவைகளில் அது 1 அல்லது 2 விழுக்காடுதான். காகமளவு, கழுகளவு டெரோசார்கள் திறமையாகப் பறந்தன என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை.

சிக்கல் உருவம் பெருக்கும்போது தொடங்குகிறது. ஒரு விலங்கின் வடிவம் மாறாமல் நீளம் மட்டும் இரட்டிப்பானால், இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். அதாவது, ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் முன்பைவிட இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். அதைத் தாங்குமளவு ஏற்றவிசை வேண்டுமானால், விலங்கு இன்னும் விரைவாகப் பறந்தாக வேண்டும். ஆகவே பேருருவ விலங்குக்கு வானில் மிதப்பதைவிட, நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்தை எட்டுவதே பெரும்பாடு. இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்றான ஆப்பிரிக்காவின் கோரி பஸ்டர்டு, அதாவது நம் கானமயிலின் நெருங்கிய உறவுப் பறவை, 18 கிலோ அளவிலேயே நின்றுவிடுகிறது.

குவெட்சால்கோட்லஸின் எடை என்ன என்று கேட்டால், ஆளுக்கொரு விடை வந்தது. பெரிய இனத்துக்குக் கிடைத்தவை ஓர் இறக்கையின் சில எலும்புகளே என்பதால், மீதி உடலைச் சிறிய உறவினங்களைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. சங்கர் சட்டர்ஜியும் டெம்ப்ளினும் 2004-இல் சுமார் 70 கிலோ என்றார்கள். எடையைக் குறைத்தால்தான் பறக்கவைக்க முடியும் என்ற எண்ணம் அக்காலக் கணக்குகள் பலவற்றில் உள்ளோடியிருந்தது. மறுகோடியில், டொனால்ட் ஹெண்டர்சன் 2010-இல் 544 கிலோ என்று கணக்கிட்டு, இது பறக்கும் திறனை இழந்த விலங்காகவே இருந்திருக்கும் என்றார். அவர் கொண்ட உருவ மாதிரியில் நடுவுடல் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்ததை மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பது 200 முதல் 250 கிலோ. பத்து மீட்டர் இறக்கையையும் ஒட்டகச்சிவிங்கி உயரத்தையும் 70 கிலோவுக்குள் அடக்குவது எனக்கும் நம்பத்தகுந்ததாகப் படவில்லை.

ஆனால் இந்த எடையை ஏற்றுக்கொண்டால், பறவைகளை அளவுகோலாகக் கொண்ட எந்தக் கணக்கும் பறக்க முடியாது என்றே சொல்லும். ஜப்பானைச் சேர்ந்த கட்சுஃபுமி சாட்டோ, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலுள்ள குரோசே தீவுகளில், ஆல்பட்ராஸ் முதலிய கடற்பறவைகளின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி, அவை சிறகடிக்கும் வேகத்தை அளந்தார். உடல் பெரிதாகப் பெரிதாகச் சிறகடிப்பு மெதுவாகிறது என்பதை வைத்து, சுமார் 40 கிலோவுக்கு மேற்பட்ட விலங்கால் பாதுகாப்பாகப் பறக்க முடியாது என்று 2009-இல் எழுதினார். அளவீடு நேர்த்தியானது. அதை டெரோசார்களுக்கும் நீட்டியதில்தான் தவறு நிகழ்ந்தது என்பேன். ஆல்பட்ராஸின் வரம்பு ஆல்பட்ராஸ் வகை உடலின் வரம்பே.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் மைக்கேல் ஹபீப். பறவை எழும்பும்போது முதல் உந்துதலைத் தருவது கால்கள். சிறகுகள் அதன் பிறகே வேலையைத் தொடங்குகின்றன. எனவே பறவை பெரிதாகும்போது கால்களும் வலுக்க வேண்டும், ஆனால் வானில் ஏறியதும் அக்கால்கள் வெறும் சுமையாகிவிடுகின்றன. எலும்புகளின் குறுக்குவெட்டைக் கொண்டு அவற்றின் வலிமையைக் கணக்கிட்ட ஹபீப், பெரிய டெரோசார்களில் நிலைமை தலைகீழாக இருப்பதைக் கண்டார்: தொடை எலும்பு சாதாரணமானது, மேற்கை எலும்போ அதைவிடப் பன்மடங்கு வலியது. பறப்பதற்கு மட்டும் இவ்வளவு வலு தேவையில்லை. டெரோசார்கள் இறக்கையை மடித்து, கையையும் ஊன்றி நான்கு கால்களில் நடந்தன என்பதை அவற்றின் கால்தடங்கள் காட்டுகின்றன. அப்படியானால், எழும்பும்போதும் கைகளாலேயே தரையை உதைத்திருக்கலாம் என்று 2008-இல் அவர் முன்வைத்தார். இரத்தம் குடிக்கும் வௌவால் இன்றும் அப்படித்தான், மடித்த கைகளால் தரையைத் தள்ளி நேராக மேலே துள்ளுகிறது. பறப்பதற்கான பெருந்தசைகளே எழும்புவதற்கும் உழைப்பதால், தனியாகக் கனத்த கால்களைச் சுமக்கத் தேவையில்லை. பறவைகளுக்குரிய எடை வரம்பும் இங்கே பொருந்தாமல் போகிறது.

இதை எல்லோரும் ஏற்றுவிடவில்லை. கெவின் பேடியனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2021-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், குவெட்சால்கோட்லஸ் பின்னங்கால்களாலேயே இரண்டரை மீட்டர் வரை துள்ளி, பின் இறக்கையை அடித்திருக்கும் என்றார்கள். எழும்பும் தருணத்தைக் காட்டும் தடம் எங்கும் கிடைக்காததால் இந்த வழக்கு முடியவில்லை. இறங்கும் தருணம் மட்டும் பிரான்சின் கிரேசாக் என்ற இடத்தில் பதிந்திருக்கிறது: ஒரு சிறிய டெரோசாரின் இரு பின்னங்கால்களும் ஒன்றாகத் தரையைத் தொட்டு, நகங்கள் சேற்றில் இழுபட்டு, ஒரு சிறு துள்ளலுக்குப் பின் கைகளும் ஊன்றி, அது நடந்து சென்ற வரிசை தெளிவாகத் தெரிகிறது. வேகத்தை வானிலேயே தணித்து இறங்கும் கட்டுப்பாடு அதற்கு இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது.

பால் மெக்ரெடி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1980-களில், 5.5 மீட்டர் இறக்கையுடன், குவெட்சால்கோட்லஸின் பாதியளவு இயந்திர மாதிரியைச் செய்து பறக்கவிட்டார். அது இறக்கையை அடித்துப் பறந்தது. ஆனால் தானாக எழும்பவில்லை, கயிற்றால் இழுத்து ஏற்றப்பட்டது. வானில் நிலைத்திருப்பது முடியும் என்பதைக் காட்டிய அம்முயற்சி, கடினமான பாதியைத் தொடவில்லை.

பறக்கும் திறனை இழந்திருந்தால், தீக்கோழியைப் போல இறக்கை எலும்புகள் சுருங்கியிருக்க வேண்டும். இங்கோ, மேற்கை எலும்பில் பறக்கும் தசைகள் பற்றும் முகடு மிகப் பெரிதாக நிற்கிறது. எலும்புச் சுவர்கள் மெலிந்தும் உள்ளே காற்றறைகள் நிறைந்தும் இருக்கின்றன. ஆகவே பறந்தது என்பதே வலுவான முடிபு. எவ்வளவு தூரம் என்பதில் இன்னும் இணக்கமில்லை: வெப்பக் காற்றோட்டத்தில் ஏறி நெடுந்தொலைவு சென்றிருக்கும் என்கிறார்கள் சிலர். யூசுகே கோட்டோவின் குழு 2022-இல் செய்த கணக்கோ, அதன் இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்க வேண்டிய எடைக்கு அவ்வாறு மிதப்பது எளிதல்ல என்றும், பெரும்பாலும் தரையில் நடந்து இரை தேடி, தேவைப்படும்போது மட்டும் கோரி பஸ்டர்டைப் போலச் சிறிது தூரம் பறந்திருக்கும் என்றும் சொல்கிறது.