எப்பொக்சி நிலம் போடமுதல் கிணற்றை எட்டிப் பாருங்கள்

"சதுர அடி எவ்வளவு?" இதுதான் எப்போதும் முதல் கேள்வி. யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிப் பக்கம் தொழிற்கூடம் கட்டுகிறவர், ஸ்ரான்லி வீதியில் கராச் வைத்திருப்பவர், பாசையூரில் நண்டு பதனிடுகிறவர், ஐஸ்கிறீம் செய்கிறவர் எல்லாருக்கும் வேண்டியது "எப்பொக்சி", அதாவது இரண்டு பாகங்களைக் கலந்து கொங்கிரீட்டின் மேல் போட்டால் இறுகும் செயற்கைப் பிசின் நிலம். எல்லாரும் கேட்பது ஒரு விலை. இடத்தை வந்து பார்க்காமலே அதற்கு ஒரு தொகை சொல்கிறவரிடம் அவதானமாக இருங்கள்.

ஏனென்றால் அந்த ஒரே பெயரில் பல சாமான்கள் விலைப்படுகின்றன. பிசின் நிலங்களுக்கான பிரித்தானியத் தரம் பி.எஸ். 8204-6 அவற்றை எட்டு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை 150 மைக்கிரோன் வரையான பூச்சு. ஒரு மில்லிமீற்றரில் ஏழில் ஒரு பங்கு என்று வையுங்கள். எட்டாவது வகை 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பு. மெல்லிய பூச்சும், 2 மில்லிமீற்றர் தடிப்பில் தானாகச் சமன்படும் எப்பொக்சியும், வேலை முடிந்த அன்று எடுத்த படத்தில் ஒரே மாதிரித்தான் பளபளக்கும். வித்தியாசம் பிறகு தெரியவரும், பலட் ட்ரக்கின் (பாரம் அடுக்கிய தட்டை இழுக்கும் கைவண்டியின்) கெட்டியான நைலோன் சில்லு ஓடிய தடத்தில்.

ஆகவே நான் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றியோ பளபளப்பைப் பற்றியோ அல்ல. அந்த நிலத்தில் என்ன சிந்தும், எவ்வளவு சூடாகச் சிந்தும், எதை வைத்துக் கழுவுவீர்கள், என்ன சில்லு ஓடும் என்றுதான் கேட்பேன். கராச் என்றால் எஞ்சின் ஒயிலுக்கு எப்பொக்சி நன்றாகத் தாங்கும். பிறேக் ஒயிலும் பற்றரி அசிற்றும் வேறு கதை. உடனே துடைக்காவிட்டால் மேற்பரப்பை இளக்கும், நிறம் மாற்றும். ஓடி வந்த சூட்டோடு ஒரே இடத்தில் வாகனத்தை நிறுத்தினால் மெல்லிய பூச்சு ரயரோடு ஒட்டிக் கிளம்புவதும் உண்டு. வாசலில் வெயில் படும் பகுதி மஞ்சளாகி மங்கும். சாதாரண எப்பொக்சிக்கு வெயில் ஆகாது. அங்கே மேலே வெயிலில் மஞ்சளாகாத அலிபற்றிக் வகைப் பொலியூரிதேன் என்ற பிசின் பூச்சு ஒன்று வேண்டும்.

உணவுத் தொழில் என்றால் கணக்கே மாறிவிடும். பாலும் தயிரும் கையாளும் இடத்தில் லக்ரிக் அமிலம், ஊறுகாய் போடும் இடத்தில் வினாகிரி, கள்ளு அடைக்கும் இடத்தில் புளித்த கள்ளின் அசற்றிக் அமிலம். இந்த வகை அமிலங்கள் வெறும் கொங்கிரீட்டை அரிக்கும். சாதாரண எப்பொக்சியையும் காலப்போக்கில் விட்டுவைக்காது. அதற்கு மேலே சூடு இருக்கிறது. அறை வெப்பநிலையில் இறுகும் எப்பொக்சிகள் பல 50, 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது இளகத் தொடங்குகின்றன. நண்டு அவித்த கிடாரத்தைக் கவிழ்க்கும் இடத்திலும், கொதிநீரால் கழுவும் இடத்திலும் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். பிசின் சூட்டில் கொங்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும், ஆறும்போது சுருங்கும். இப்படி நாளுக்கு நாலு தடவை நடந்தால் ஒட்டு விட்டுப்போகும், அல்லது ஒட்டு விடாமல் கொங்கிரீட்டின் மேல்தோலையே உரித்துக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு உரியது பொலியூரிதேன் சீமெந்து. பிசினோடு சீமெந்தும் மணலும் சேர்ந்த கலவை என்பதால் அதன் விரிவு கொங்கிரீட்டின் விரிவுக்குக் கிட்ட நிற்கும். 6 மில்லிமீற்றரில் போடலாம். கொதிநீரும் நீராவியும் படும் இடங்களுக்கு 9 மில்லிமீற்றர். விலை மெல்லிய பூச்சைவிடப் பல மடங்கு. பளபளப்பும் இராது, மங்கலான தோற்றம், நிறத் தெரிவும் குறைவு. "இவ்வளவு காசு குடுத்தும் சீமெந்து நிலம் மாதிரித்தானே கிடக்குது" என்று முதலாளிமார் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நண்டு அவிக்கும் அறையில் பளபளப்பை யார் பார்க்கப்போகிறார்கள்?

மேலே நடப்பது இவ்வளவுதான். எங்கள் ஊரில் நிலங்கள் பழுதாவதற்குப் பெரிய காரணம் கீழே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டி, சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, எங்கள் காலுக்குக் கீழேயே தேங்குகிறது. கோடையில் வாளி ஆழத்துக்கு இறங்கும் கிணற்றில், பள்ளமான காணிகளில், மாரி வந்தால் குனிந்தே தண்ணீர் அள்ளலாம். அந்த நீரின் ஈரம் கொங்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். வெறும் சீமெந்து நிலமாக இருக்கும்வரை அது காற்றில் காய்ந்து போய்விடும், எவருக்கும் தெரியாது. மேலே பிசினால் மூடினால் போக வழியில்லாமல் ஒட்டுக்குக் கீழே சேரும். பிறகு கொப்புளம். குத்திப் பார்த்தால் வழவழப்பான நீர் வரும். சீமெந்தின் காரமும் உப்பும் கலந்தது. நிலம் போட்டவர் சாமானைக் குறை சொல்வார், சாமான் விற்றவர் போட்டவரைக் குறை சொல்வார்.

அதனால்தான் ஒரு காணிக்குள் போனதும் நான் முதலில் கிணற்றடிக்குப் போவேன். மாரியில் தண்ணீர் எந்தப் படை வரை ஏறும் என்று அங்கு இருப்பவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். தண்ணீர் உவரா நன்னீரா என்றும் கேட்பேன். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் உவர்த் தண்ணீரால் குழைத்த கொங்கிரீட் பல கிடக்கிறது. அதில் தங்கிய உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்.

கண்மட்டத்தோடு நின்றுவிடக் கூடாது, அளக்கவும் வேண்டும். எளிய சோதனை ஒன்று: 45 சென்ரிமீற்றர் சதுரப் பொலித்தீன் துண்டின் நாலு பக்கத்தையும் நிலத்தோடு நன்றாக ரேப் ஒட்டி மூடி, குறைந்தது 16 மணித்தியாலம் விடுங்கள். கீழே வியர்த்தாலோ கொங்கிரீட் கறுத்தாலோ ஈரம் நிச்சயம். ஆனால் வியர்க்கவில்லை என்பதால் ஈரம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பங்குனியில் நல்ல பிள்ளையாக இருக்கும் அதே நிலம் கார்த்திகையில் சுயரூபம் காட்டும். நம்பிக்கையான முறை, கொங்கிரீட்டில் துளையிட்டு உள்ளே ஈரப்பதமானி வைத்து அளப்பது. அல்லது நிலத்தோடு மூடிய பெட்டிக்குள் ஈரப்பதம் பார்ப்பது. பிரித்தானிய நடைமுறையில் அந்தப் பெட்டிக்குள் ஈரப்பதம் 75 வீதத்துக்கு மேலே இருந்தால் சாதாரண பிசின் நிலம் போடுவதில்லை.

புதுக் கட்டடக்காரர் எல்லாரும் சொல்லும் ஒன்று: "கொங்கிரீட் போட்டு ஒரு மாதமாச்சு." 28 நாள் என்பது கொங்கிரீட் வலுப்பெறும் கணக்கு. உலர்வது தனிக் கணக்கு. 150 மில்லிமீற்றர்த் தளம் மேற்பக்கத்தால் மட்டும் காய்வதற்கு மாதக்கணக்கில் எடுக்கும். இன்னும் அத்திவாரத்தில்தான் நிற்கிறீர்கள் என்றால் நல்ல காலம். கொங்கிரீட்டுக்குக் கீழே, மணல் பரவி, 1200 கேஜ் (ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் தடிப்பு) பொலித்தீனை ஒன்றன்மேல் ஒன்று நன்கு ஏறவிட்டு விரியுங்கள், கம்பி கட்டும்போது கிழியாமல் பாருங்கள். முழுக் கட்டடச் செலவில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. கட்டி முடித்த பிறகு அதே வேலையை மேலிருந்து செய்யவேண்டுமானால் ஈரம் தாங்கும் எப்பொக்சித் தடுப்புப் பூச்சோ, எப்பொக்சிச் சீமெந்துப் படையோ போடவேண்டும். அதன் செலவு நன்றாகவே கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது எப்போது போடுவது. தைப்பொங்கலுக்குக் கடை திறக்கவேண்டும் என்று கார்த்திகையில் வந்து நிற்பவர்கள் அதிகம். காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிபடு நிலை. நிலத்தின் வெப்பநிலை பனிபடு நிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூட இருக்கவேண்டும் என்று ஏறத்தாழ எல்லாத் தயாரிப்பாளரும் எழுதுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். அடைமழை நாளில் காற்று 28 பாகை, ஈரப்பதம் 90 வீதம் என்றால் பனிபடு நிலை 26 பாகைக்குச் சற்று மேலே. நிலம் 29 பாகைக்கு மேல் இருக்கவேண்டும். ஆனால் மூடிய கட்டடத்தின் தரை காற்றைவிடக் குளிர்ந்துதான் கிடக்கும். போட்டால் வெளிறும், மேலே மெழுகுபோல் ஒரு படலம் பிசுபிசுக்கும், அடுத்த படை அதில் பிடிக்காது. காற்று 32 பாகை, ஈரப்பதம் 60 வீதம் என்ற நாளிலோ பனிபடு நிலை 23 அளவில்தான் நிற்கும்; பயமில்லாமல் வேலை செய்யலாம். அதற்காகக் கோடை முழுதும் சுகம் என்றும் இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் கதவு யன்னல் அடைக்காமல் ஊற்றினால் காணிப் புழுதி முழுக்க நிலத்தில் பதிந்துபோகும். சூடு 10 பாகை கூடினால் கலவை கையாளும் நேரம் பாதியளவாகக் குறையும். கலக்கிய வாளியை நிழலில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது புகைந்துகொண்டிருக்கும்.

மேற்பரப்புத் தயாரிப்பில்தான் காசு மிச்சம் பிடிப்பார்கள், ஏனென்றால் அது பிறகு தெரியாது. மேசன் பாஸ் கரண்டியால் அழகாக மினுக்கிய நிலத்தின் மேலே பலமில்லாத சீமெந்துப் பால் படை ஒன்று இருக்கும். பிசின் எவ்வளவு பலமாக ஒட்டினாலும் ஒட்டியது அந்தப் படையில் என்றால் அது அந்தப் படையோடு வந்துவிடும். வைரக்கல் கிறைண்டரால் அரைத்து அல்லது உருக்குமணி வீசும் இயந்திரத்தால் கொத்தி, தூசை இயந்திரத்தால் உறிஞ்சவேண்டும். அசிற் ஊற்றிக் கழுவுவதை நான் ஏற்பதில்லை. அது மறுபடியும் தண்ணீரையும் உப்பையும் உள்ளே விடும் வேலை. பழைய சிவப்புச் சீமெந்து நிலத்துக்கும் இதே விதிதான், பல வருட மெழுகும் ஒயிலும் சேர்த்து அரைத்தெடுக்க வேண்டும். கொங்கிரீட்டின் அமுக்க வலு 25 நியூற்றனும், இழுத்துப் பார்க்கும் சோதனையில் 1.5 நியூற்றனும், சதுர மில்லிமீற்றருக்கு, குறைந்தபட்சம். இதற்குக் கீழே என்றால் மேலே எந்த விலையுயர்ந்த சாமானைப் போட்டும் பலனில்லை.

இனி, ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. ஆயிரம் சதுர அடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 2 மில்லிமீற்றர் தடிப்புக்கு 2 லீற்றர் வேண்டும். ஆக 186 லீற்றர். 20 லீற்றர் வாளி என்றால் ஒன்பதுக்கு மேலே, முதலில் பூசும் பிறைமர் வேறாக. உங்கள் வாசலில் நாலு வாளி இறங்கினால் அந்த நிலம் ஒரு மில்லிமீற்றர்கூட வராது, விலைப்பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. இடையில் மணல் கலந்து பெருக்குவதும் நடக்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவில், அவர் சொன்ன தரம்பிரித்த குவாட்ஸ் மணல் என்றால் குற்றமில்லை. முற்றத்து மணல் என்றால் நிறுத்துங்கள். வாளிகளை இறக்கும்போதே எண்ணி, தொகுதி இலக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெற்று வாளிகளை வேலை முடியும்வரை வெளியே கொண்டுபோக விடாதீர்கள். இதைச் சொன்னதற்காக என்னோடு கோபித்துக்கொண்ட தொழில்காரர் உண்டு.

விலைப்பட்டியலிலும் "எப்பொக்சி நிலம், சதுர அடி இவ்வளவு" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். சாமானின் முழுப் பெயர், காய்ந்த பின் தடிப்பு, தயாரிப்பு முறை, ஈரம் அளந்த பெறுபேறு, கொங்கிரீட்டின் அசைவு இணைப்புகளை (அது விரிந்து சுருங்க விட்ட இடைவெளிகளை) மேலேயும் வெட்டித் திறந்து விடுவது, சுவரோரத்தில் வளைத்து ஏற்றுவது, இவை எழுத்தில் வேண்டும். இணைப்பை மூடிப் போட்டால் அதே கோட்டில் வெடிக்கும், வேறு விளக்கம் தேவையில்லை.

வழுக்கலும் முன்கூட்டியே பேசவேண்டிய விஷயம். எங்கள் மீன் கூடங்களில் பலர் நிற்பது றபர்ச் செருப்போடு. கீழே தண்ணீர், செதில், கொழுப்பு. கண்ணாடி மாதிரி நிலம் அங்கே கால்முறிவுக்கு அழைப்பு. குவாட்ஸ் மணி தூவி மேலே பூசவேண்டும். எவ்வளவு கரடோ அவ்வளவுக்குக் கழுவுவது கஷ்டம் என்பதால் சின்ன மாதிரித் துண்டு ஒன்று போட்டு, ஈரமாக்கி, கழுவுகிற பெண்களையே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடும் சரிவும் கொங்கிரீட்டிலேயே இருக்கவேண்டும். தானாகச் சமன்படும் சாமான் சரிவைத் தராது, இருக்கும் பள்ளத்தையே நிரப்பும்.

கடைசியாக, எல்லா இடத்துக்கும் பிசின் நிலம் தேவையில்லை. நெல் மூட்டை அடுக்கும் களஞ்சியம், சீமெந்துக் கடை, இரும்புப் பட்டறை ஆகியவற்றுக்கு இயந்திரத்தால் அழுத்தி மினுக்கிய நல்ல கொங்கிரீட்டும், மேலே தூசு எழாமல் இறுக்கும் சிலிக்கேற்றுத் திரவமும் போதும். வெல்டிங் பொறி விழும் பட்டறையில் எப்பொக்சி போட்டால் கருகிய புள்ளிகள்தான் மிஞ்சும். ஐஸ்கிறீம் தொழிற்கூடத்தில்கூட உற்பத்தி அறைக்கும் கழுவும் அறைக்கும் பொலியூரிதேன் சீமெந்தைப் போட்டுவிட்டு, பெட்டி அடுக்கும் அறையை வெறும் கொங்கிரீட்டாக விடலாம். அலுவலக அறைக்கு ரைல்ஸ் போதும்.