பென்சில் பிடிக்கும் முன் கைக்குள் நடப்பது

ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே வட சென்னையில், தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பல வீடுகளில் எழுத்துப் பயிற்சி ஆரம்பமாகிவிடும். மூன்றரை வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, கையைப் பிடித்து இரட்டைக்கோடு நோட்டில் 'அ' போட வைப்பார்கள். எல்.கே.ஜி.யில் பின்தங்கிவிடக் கூடாதே என்ற அக்கறைதான். ஆனால் அந்தக் கை இன்னும் பாதி வேலையில் இருக்கிறது.

பெரியவர்களின் மணிக்கட்டில் சின்னச் சின்னதாக 8 எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பாக இருக்கும், அது எக்ஸ்ரேயில் விழாது. முதல் சில மாதங்களில் இரண்டு தெரியத் தொடங்கும், மூன்று வயதுவாக்கில் மூன்றாவது. மற்றவை ஆறேழு வயதுக்குள் வந்துவிட, பட்டாணி போன்ற கடைசி எலும்பு பெரும்பாலும் 8 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். வளர்ச்சியில் சந்தேகம் வந்தால் டாக்டர்கள் இடது கையை எக்ஸ்ரே எடுத்து 'எலும்பு வயது' பார்ப்பது இந்த வரிசையை நம்பித்தான். பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் முந்தி நடக்கும். பக்கத்து வீட்டுப் பெண் எழுதுகிறாளே என்று பையனைத் திட்டும் அம்மாக்களுக்கு இது தெரிய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் இந்த எக்ஸ்ரே படத்தைப் போட்டு, 'எலும்பே இல்லாத கை எப்படி எழுதும்?' என்று கேட்கிறார்கள். படம் சரி, கேள்விதான் தப்பு. எலும்பு தெரியாத அதே கையால்தான் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறது. எழுத்தைத் தாமதப்படுத்துவது எக்ஸ்ரேயில் தெரியாத இன்னொன்று.

மூளையிலிருந்து விரலுக்கு ஆணை கொண்டுபோகும் நரம்பிழைகள்மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிகிறது. அது படியப் படியச் செய்தி வேகமாகப் போகும். கைக்கான பாதையில் இந்த வேலை பள்ளி வயதிலும் நடந்துகொண்டே இருக்கும். அசைவைக் கட்டுப்படுத்தும் திறமையும் தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி, கடைசியில்தான் விரல் நுனிக்கு வருகிறது. அதனால்தான் மூன்று வயதுப் பிள்ளை கிரேயானை முஷ்டிக்குள் பிடித்து, தோளையே ஆட்டிச் சுவர் முழுக்கக் கிறுக்குகிறது. தயவுசெய்து அதற்காக அடிக்காதீர்கள், அந்த வயதுக்கு அதுதான் எழுத்து. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலைப் பிடிப்பது பலருக்கும் 4 முதல் 6 வயதுக்குள் கைவரும். அந்த மூன்று விரல்கள் அசையும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி, கையை நோட்டில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஒரே கைக்குள் இரண்டு வேலை.

இதே வேலைப் பிரிவினை கேரம் போர்டிலும் உண்டு. ஸ்ட்ரைக்கரை ஒரு விரல் சுண்ட, மற்ற விரல்கள் பலகையில் ஊன்றி நிற்கும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டைக்காரர். சின்னப் பிள்ளைக்கு ஆட்ட விதியெல்லாம் வேண்டாம், காயைச் சுண்டி விளையாடினாலே போதும்.

தோளுக்கும் மணிக்கட்டுக்கும் திருவொற்றியூர் கடற்கரையில் ஈர மணலைத் தோண்டுவது நல்ல வேலை. வீட்டுச் சுவரில் சாக்பீஸால் வரையலாம், நிமிர்ந்த பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு தானாகவே பின்னால் சாய்ந்து சரியான நிலைக்கு வரும். விரல் நுனிக்குப் பூண்டு உரிப்பது, சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டுவது, கொடியில் துணிக்கு கிளிப் போடுவது. உடைந்த கிரேயான் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். நீளக் கிரேயான் போல அதை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல்கள் வந்தே ஆக வேண்டும். அப்புறம், டிபன் பாக்ஸைத் திறக்கவும் டவுசர் பட்டனைப் போடவும் பழக்குங்கள். முதல் வாரத்தில் 'அ'வைவிட இதுதான் அதிகம் தேவைப்படும்.

ஐந்து வயதாகியும் ஸ்பூன், பட்டன் எதுவும் பிடிபடவில்லை, அல்லது ஒரு கையை ஒதுக்கியே வைக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை வட சென்னையிலிருந்து தூரமில்லை.