ஒரே மாதிரிக் கண், வேற வேற வம்சம்

மட்டக்களப்புல நம்மட வளவு முருங்கை பூத்தா காலையிலேயே ஒரு கூட்டம் குட்டிக் குருவிகள் வந்திரும், அரைச்சாண் நீளம்தான், மஞ்சப் பச்சை, கண்ணச் சுத்திச் சுண்ணாம்பால கோடு போட்ட மாதிரி வளையம். வெள்ளைக்கண்ணி. அந்த வளையம் தோல் இல்ல, நெருக்கமா முளைச்ச பொடி இறகுகள். நாக்கு நுனி பிரஷ் மாதிரிப் பிரிஞ்சிருக்கும், பூத்தேன் உறிஞ்ச அது போதும்.

பதுளை பஸ் பிடிச்சு மலைநாட்டுல இருக்கிற ஹக்கல பூங்காவுக்குப் போனப்ப அங்கயும் இதே குருவிதான் எண்டு நினைச்சன். கிட்டப் பாத்தா முதுகு பாசி நிறத்துல கறுத்துக் கிடக்கு, சொண்டும் ஆளும் கொஞ்சம் பெருசு. அது இலங்கை வெள்ளைக்கண்ணி, இந்தத் தீவத் தவிர உலகத்துல வேற எங்கயும் இல்ல.

கீழ இருந்த குருவி மேல ஏறி, குளிருக்கு உடம்பு பெருத்து இப்பிடி ஆகியிருக்கும் எண்டுதான் யாருக்கும் தோணும். 2017ல வந்த டிஎன்ஏ ஆய்வு அது இல்ல எண்டு காட்டிச்சு.

அத எப்பிடிக் கண்டுபிடிக்கிற? நம்மட கண்ணகி அம்மன் கோயில் சடங்குல படிக்கிற ஏடுகள நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் பிரதி எடுக்கக்குள்ள விட்ட எழுத்துப்பிழை, அவரப் பாத்து எழுதின எல்லாரிட்டயும் போகும், அப்ப ஒரே பிழை இருக்கிற ஏடுகள் ஒரே மூலத்துல இருந்து வந்தது எண்டு தெரிஞ்சிரும். டிஎன்ஏயும் தலைமுறை தலைமுறையா பிரதி எடுக்கப்படுறதுதான், அதுலயும் பிழை விழும், விழுந்தது பிள்ளைகளுக்குப் போகும். இந்த ரெண்டு குருவியும் கூடப் பிறந்த இனமா இருந்தா ரெண்டுக்கும் மட்டும் பொதுவான பிழைகள் இருக்கணும். இல்ல. முருங்கைக்கு வாறதுக்கு நெருங்கின சொந்தம் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கு, மலையில இருக்கிறது மற்ற வெள்ளைக்கண்ணிகள் பல கிளையாப் பெருகுறதுக்கு முன்னமே தனியாப் பிரிஞ்ச பழைய வம்சம். அதாவது ரெண்டும் ரெண்டு தரமா, வேற வேற காலத்துல இங்க வந்து சேர்ந்திருக்கு.

இத்தினிக் குருவி கடல் தாண்டுமா எண்டு கேக்காதீங்க, ஆஸ்திரேலியாவில இருக்கிற இதுட சொந்தம் ஒண்டு 1850கள்ல தானாப் பறந்து நியூசிலாந்துல குடியேறிச்சு, அங்கத்த மவோரி மக்கள் அதுக்கு வச்ச பேருக்கு 'புது ஆள்' எண்டுதான் அர்த்தம்.

மலை ஏறுற வழியில, நடு உயரத்துல ரெண்டு இனத்தையும் பாக்கலாம். அங்க கண் வளையத்த நம்பாதீங்க, ரெண்டுக்கும் அது இருக்கு. முதுகுப் பச்சையப் பாருங்க, பிறகு சொண்ட.