கமிஷன் வாங்குகிற தளம் அதை எங்கே, எப்படிச் சொல்ல வேண்டும்?

ஒரு இயந்திர பாகத்தின் வரைபடம் தயார், யாரிடம் கொடுத்துச் செய்வது என்று தேடுகிறார் ஒருவர். 'சிஎன்சி வேலைக்கு, அதாவது கணினி இயக்கும் இயந்திரத்தில் பாகங்களைச் செதுக்குவதற்கு, சிறந்த பத்து நிறுவனங்கள்' என்று ஒரு தளம் பட்டியல் போட்டிருக்கிறது. முதல் பெயரைச் சொடுக்கி, கொட்டேஷன் வாங்கி, ஆர்டர் கொடுக்கிறார். அந்தத் தளத்துக்கு ஒரு கமிஷன் போகிறது. வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பாகத்துக்கு மோல்டு (வார்ப்பு அச்சு) செய்யப் பணம் கட்டிவிட்டால் பாதியில் ஆளை மாற்றுவது லேசில்லை. அதனால்தான் இந்தத் துறையில் இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் பரிந்துரைகளுக்கென்று போட்ட வழிகாட்டுதல்கள் 1980-இல் வந்தவை, 2023-இல் திருத்தப்பட்டன. பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே, படிப்பவர் எதிர்பார்க்காத தொடர்பு ஏதாவது இருந்து, அது அவருடைய முடிவைப் பாதிக்கும் என்றால் தெளிவாகச் சொல்ல வேண்டும். பணம் மட்டுமல்ல, இலவச சாம்பிள், நிறுவனத்தில் பங்கு, சொந்தக்காரர் நடத்தும் பட்டறை எல்லாமே இதில் சேரும். இந்தியாவிலும் 2022 ஜூன் முதல் இதே கடமை உண்டு. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம்.

சரி, எங்கே சொல்வது? பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒரு இணைப்பு வைத்தால் போதாது. பரிந்துரைக்குப் பக்கத்திலேயே, சொடுக்கும் முன் கண்ணில் பட வேண்டும். கைபேசியில் திறந்து பாருங்கள்: அட்டவணையின் வலது ஓரக் கட்டத்தில் எழுதியது திரைக்கு வெளியே போயிருக்கும். 'அஃபிலியேட் லிங்க்' என்று மட்டும் போட்டால் பலருக்குப் புரியாது. 'இந்த இணைப்பு வழியாக ஆர்டர் கொடுத்தால் எங்களுக்குக் கமிஷன் வரும்' என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். இணைப்பின் நிரலில் 'ஸ்பான்சர்ட்' என்று குறிப்பது கூகுளுக்கான தகவல், வாசகர் கண்ணுக்கு அது தெரியாது.

தரவரிசை இன்னும் கவனமான இடம். கல்விக் கடன்களை ஒப்பிட்டுவந்த லெண்ட்எடியூ என்ற அமெரிக்கத் தளம், பாரபட்சமற்ற வரிசை என்று சொல்லிக்கொண்டே இடங்களைக் காசுக்கு விற்றதாக மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2020-இல் அந்தத் தளம் 3,50,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலும், தேடல் முடிவில் காசு கொடுத்து வாங்கிய இடத்தை நுகர்வோரிடம் மறைக்கக் கூடாது என்ற விதி 2022 மே 28 முதல் அமலில் இருக்கிறது. ஸ்பான்சர் செய்த நிறுவனத்தைப் பட்டியலில் கலக்காமல், 'விளம்பரம்' என்று தலைப்பிட்டுத் தனிக் கட்டத்தில் போடுவதுதான் நேர்மை என்பேன்.

அப்புறம், பழைய கட்டுரைகள். எழுதியபோது எந்தத் தொடர்பும் இல்லாத நிறுவனத்தோடு இன்று ஒப்பந்தம் போட்டால், அன்றைக்கே அந்தக் கட்டுரையைத் திறந்து கமிஷன் வாக்கியத்தை மேலே சேர்த்துவிடுங்கள்.