வீட்டு டாய்லெட்டுக்கு 12,000 ரூபாய்: யாருக்கு உண்டு, எப்ப கைக்கு வரும்

இருட்டட்டும்னு அடக்கிட்டு இருக்கறதும் அதுக்காகவே பகல்ல தண்ணி குடிக்காம கிடக்கறதும் கிராமத்துல பல பொம்பளைங்களுக்கு இன்னும் நடக்குது, ஆனா கட்டுறதுக்கு பணம் இருக்குன்னு சொன்னா "அது ரேஷன்கார்டு ஏழைங்களுக்குத்தான்"னு நாமளே முடிவு பண்ணிடறோம். அப்படி இல்ல. 2014ல ஆரம்பிச்ச தூய்மை பாரத இயக்கத்தோட கிராமப்புற திட்டத்துல, வறுமைக்கோட்டுக்கு மேல இருந்தாலும் எஸ்சி, எஸ்டி, சிறு குறு விவசாயி, வீட்டுமனை மட்டும் இருக்கற கூலிக்காரங்க, மாற்றுத்திறனாளி, அப்புறம் பொம்பள தலைமையில நடக்கற குடும்பம் எல்லாருக்கும் உண்டு. புருஷன் இல்லாம தனியா பிள்ளைங்கள வளக்கற அக்காமாருங்க இந்த கடைசி வகைய கெட்டியா பிடிச்சுக்கணும், ஏன்னா இத யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க.

தொகை 12,000. தமிழ்நாட்டுல மத்திய அரசு 7,200, மாநிலம் 4,800. இது ஊக்கத்தொகைதான், முழு செலவு இல்ல. பொதுவா கட்டி முடிச்சு, ஆளு வந்து பாத்து போட்டோ எடுத்து ஏத்துன பிறகுதான் பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும், அதனால முதல்ல கைக்காசோ மகளிர் குழு லோனோ போட வேண்டி இருக்கும், ஏழைக்கு இதுதான் பெரிய இடி, என்னைக் கேட்டா பாதியாவது முன்னாடியே குடுக்கணும். ஏற்கனவே ஒரு தடவ வாங்குன வீட்டுக்கு திரும்ப கிடைக்காது.

கட்டும்போது மேஸ்திரிகிட்ட ரெண்டு குழி கேளுங்க. ஒரே குழிய ஆழமா தோண்டிட்டா போதும்னு சொல்வாரு, கேக்காதீங்க. ரெண்டு குழிக்கும் நடுவுல ஒரு சின்ன தொட்டி, அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் பைப் பிரியும், ஒரு பக்கத்த அடைச்சு வச்சிடணும். முதல் குழி நிரம்ப சில வருஷம் ஆகும், நிரம்புனதும் அடைப்ப மாத்தி போட்டுட்டு அந்தக் குழிய ரெண்டு வருஷம் மூடியே விட்டா உள்ள இருக்கறது நாத்தமில்லாத எருவா ஆயிடும், வயலுக்கே போடலாம். குழி சுவர்ல இடைவெளி விட்டு செங்கல் அடுக்கணும், அடியில சிமெண்ட் பூசக்கூடாது, குடிக்கற தண்ணி எடுக்கற கிணறு போர்லேர்ந்து ஒரு 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

தண்ணி இல்லாட்டி அந்த ரூம்ல விறகுதான் அடுக்குவாங்க, தெரிஞ்ச கதைதான். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணி குடுக்கற ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி குழாய்ல ஆளுக்கு தினம் 55 லிட்டர் வரணும், வரலன்னா கிராமசபையில எழுந்து கேளுங்க, ஊர் குடிநீர் கமிட்டியில பாதிப் பேர் பொம்பளைங்களா இருக்கணும்னு விதியே இருக்கு.

விண்ணப்பம் பஞ்சாயத்து ஆபீஸ்லயே குடுக்கலாம், ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் கொண்டு போங்க, பேரு ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க, குடுத்ததுக்கு ரசீது வாங்காம வராதீங்க.