ஒரே தாளில் இரண்டு டிக்கெட்

கணவனும் மனைவியும் பயண முகவரான என் மேசைக்கு எதிரே அமர்ந்து, நான்காக மடித்திருந்த ஒரு தாளை விரித்து வைத்தார்கள். ரோம் போய்வர இணையத்தில் தாங்களே எடுத்த டிக்கெட். நான் சொல்லியிருந்த கட்டணத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. "உங்களிடம் விசா வேலை மட்டும்தான் தம்பி" என்றார் பெரியவர். முகத்தில் ஜெயித்த களை.

நான் விலையைப் பார்க்கவில்லை. தாளின் தலைப்பில் ஒரு பி.என்.ஆர்., அதாவது முன்பதிவு எண், இருந்தது. பாதிக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது.

"ஐயா, இதில் இரண்டு டிக்கெட் இருக்கிறது."

"ஒரே தாளில்தானே அச்சாகியிருக்கிறது?"

இந்தக் கேள்வியை மாதத்துக்கு நான்கு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். விலை ஒப்பிடும் தளங்கள், ஒன்றோடொன்று எந்த ஒப்பந்தமும் இல்லாத இரண்டு விமான நிறுவனங்களின் டிக்கெட்டுகளை ஒட்டவைத்து ஒரே பயணம்போலக் காட்டுகின்றன. 'சுய மாற்றம்' (self-transfer), அதாவது அடுத்த விமானத்துக்கு மாறுவது உங்கள் பொறுப்பு, என்ற சொல் எங்காவது ஓரத்தில் இருக்கும். அதைப் படிப்பவர் குறைவு.

ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதால் அவர்கள் அதே டிக்கெட்டில் கிளம்பினார்கள். இடையில் மூன்று மணி நேரம் இருந்தது. முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். பெட்டிகள் ரோம் வரை நேரே போகாது; இடையிலுள்ள நாட்டில் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அவர்கள் அங்கே போய் நின்றபோது கவுண்டர் மூடியிருந்தது. முதல் நிறுவனத்துக்கு அவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்ட பயணிகள். இரண்டாவது நிறுவனத்துக்கோ வராமல் போன பயணிகள். வராத பயணியின் டிக்கெட்டில் மீதியிருக்கும் பகுதிகளையும் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். அதில்தான் ரோமிலிருந்து திரும்பும் பயணமும் இருந்தது. அன்று இரவே புது டிக்கெட் வாங்கினார்கள். மிச்சம் பிடித்ததைவிட இரண்டு மடங்கு செலவு.

டிக்கெட் எண் என்று ஒன்று இருக்கிறது. பதின்மூன்று இலக்கம், முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். பி.என்.ஆர். என்பது ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த முன்பதிவுக் குறியீடு மட்டுமே. போகும் வழியிலுள்ள எல்லா விமானங்களும் ஒரு பயணியின் ஒரே டிக்கெட்டுக்குள் அடங்கியிருந்தால், இணைப்பு தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பொதுவாக நேரே கடைசி ஊருக்குப் போகும். டிக்கெட் எண்ணால் இன்னொரு பயனும் உண்டு: பணம் வாங்கிக்கொண்டு பி.என்.ஆர். மட்டும் கொடுத்து, டிக்கெட்டே போடாமல் விட்டுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். என் தொழிலில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பி.என்.ஆரைப் போட்டுப் பாருங்கள். டிக்கெட் எண் தெரியவில்லையென்றால் உடனே கேளுங்கள்.

விமானம் தாமதமானால் பயணிக்கு இழப்பீடு தரச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியிலும் இதே கணக்குதான். ரோமிலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும் அந்த விதிக்குள் வரும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், கடைசி ஊருக்கு நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், ஒன்றியத்துக்கு வெளியே போகிறவருக்கு 600 யூரோ இழப்பீடு. மூன்று முதல் நான்கு மணி நேரம் என்றால் அதைப் பாதியாகக் குறைக்கலாம். புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. இதில் 'கடைசி ஊர்' என்பது ஒரே முன்பதிவிலுள்ள கடைசி ஊர். ஒட்டவைத்த டிக்கெட்டில் அது முதல் விமானம் இறங்கும் இடத்தோடு முடிந்துவிடும்.

அப்படியானால் மலிவாகப் போகவே முடியாதா? முடியும். கட்டணம் எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் போதும். எகானமி வகுப்புக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட கட்டணப் படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, இத்தனை இருக்கை என்ற அளவு. கீழ்ப்படியில் இரண்டு இருக்கை மட்டும் மிச்சமிருக்கும்போது நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால், பல தளங்கள் நால்வருக்கும் அடுத்த படியின் விலையையே காட்டும். முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு என்று தேடிப் பாருங்கள். விலை எந்த எண்ணிக்கையில் குதிக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் முன்பதிவை இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் சிறு பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாத பி.என்.ஆரில் விடாதீர்கள். விமானம் ரத்தானால் ஆளுக்கொரு விமானம் என்று ஆகிவிடக்கூடும்.

ரகசிய உலாவியில் தேடினால் விலை குறையும் என்று சொல்லித் திரிகிறார்கள். நான் பார்த்தவரை, தேடிய ஐந்து நிமிடத்தில் விலை ஏறுவதற்கு இரண்டே காரணம்தான்: யாரோ கீழ்ப்படி இருக்கையை வாங்கிவிட்டார்கள், அல்லது தளம் முதலில் காட்டியதே பழைய விலை.

ரோமுக்கு ஈஸ்டர் வாரம், கோடைக்காலம், செப்டம்பர் எல்லாம் விலை கூடிய காலம். நவம்பரிலும், ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரையிலும் பெரும்பாலும் இறங்கும். நவம்பரில் மழை அதிகம். குடையோடு கொலோசியம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் அதிகம் பரிந்துரைப்பது, ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் ஏறுவது. ரோமில் இறங்குங்கள், ஃபுளோரன்ஸ் பார்த்துவிட்டு வெனிஸிலோ மிலானிலோ விமானம் ஏறுங்கள். ரோமிலிருந்து மிலானுக்கு அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம் சொச்சம்தான். திரும்பும் விமானத்துக்காக மறுபடி ரோம் வரும் ஒரு நாளும் ரயில் செலவும் மிச்சம். தேடும்போது தனித்தனி ஒருவழி டிக்கெட்டாகத் தேடாமல் 'பல நகரங்கள்' என்ற பகுதியில் தேட வேண்டும். நீண்ட தூரப் பயணத்தில் இரண்டு ஒருவழிக் கட்டணம், பல நேரம் ஒரு இருவழிக் கட்டணத்தை மிஞ்சிவிடும்.

ரோமில் இரண்டு விமான நிலையங்கள். நீண்ட தூர விமானங்கள் இறங்குவது ஃபியூமிசினோவில். அங்கிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் டெர்மினி நிலையத்துக்கு வந்துவிடும். சியாம்பினோ ஊரின் மறுபக்கம், மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கானது. தாளில் எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா தேவைப்படுபவர்கள் அது கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காமல் இருப்பது நல்லது. இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். லண்டன் வழியே சுய மாற்றம் என்றால் அந்த ஷெங்கன் விசா பிரிட்டனுக்குள் நுழைய உதவாது. இதைச் செக்-இன் கவுண்டரில் தெரிந்துகொண்டு வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பெரியவர் இந்த ஆண்டு மறுபடி வந்தார். இம்முறை ஏதென்ஸ். தாளை விரிக்குமுன்பே, "டிக்கெட் எண் ஆளுக்கு ஒன்றுதான் தம்பி, சரிபார்த்துவிட்டேன்" என்றார். உண்மைதான். ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறுவதற்கு ஐம்பத்தைந்து நிமிடம் என்று போட்டிருந்தது. ஷெங்கன் குடியேற்றச் சோதனை ஏதென்ஸில் நடக்காது, முதலில் இறங்கும் ஃபிராங்க்ஃபர்ட்டில்தான் நடக்கும் என்றேன். வரிசை நீண்டால் அந்த நேரம் போதாது. ஆனால் விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பாடு. அவர் தன் மனைவியைப் பார்த்தார். "அப்படியென்றால் தவறட்டும்" என்றார் அம்மா.